அச்சடித்தாற்போல்

ஓலையில் குறை சொல்ல முடியாது.
காவேரிப்பட்டினத்துப் பனை. வேகவைத்து, நிழலில் காயவைத்து,
இரண்டு மாதம் கெம்பய்யன் வீட்டு அடுப்புக்கு மேலே
புகை குடித்தது.
ஓரத்தைச் செல்லுக்குக் கொடுத்தேன்.
செல் தின்னாத இடத்தை ஊசியால் நானே தின்றேன்.
விளக்குக்கரி, கோவையிலைச் சாறு.
துடைத்தபோது
எழுத்து எண்பது வயதோடு எழுந்து வந்தது.

பிலவங்க வருஷம் மாசி மாதம், சுல்தான் சீமை,
பெண்ணையாற்றுக் கால்வாய்க்கு வடக்கே
நாலு வள்ளம் விதைப்பாடு.
சாட்சிகள் மூவர். மூவரும் செத்தவர்கள்,
கூப்பிட்டால் வரமாட்டார்கள் என்று பார்த்துத்தான் போட்டேன்.
கெம்பய்யன் ஊரில் பெரிய புள்ளி.
ஏழு ரூபாய் பேசி நாலு கொடுத்தான்.

என் கைக்கு வாத்தியார் கிடையாது.
தருமபுரிச் சந்தையில் புளி மடித்துக் கொடுத்த தாள்தான்,
நாலு பக்கம், முதலும் இல்லை முடிவும் இல்லை,
வேதமோ வைத்தியமோ இன்றுவரை தெரியாது.
சிலேட்டில் அதைப் பார்த்துப் பார்த்து வரைந்தேன்.
அதில் ஒவ்வொரு எழுத்தும்
பக்கத்து எழுத்தின் தோளில் கை போடாமல் நின்றது.
சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே
ஒரு ஆள் போக வழி இருந்தது.
மெய்யெழுத்துக்குத் தலையில் புள்ளி.
ஏகாரத்துக்குச் சுழித்த கொம்பு.

ஊரார் ஓலையில் எரியும் ஏரியும் ஒன்று.
கொல் என்று கண்டால்
நிலம் அளக்கும் கோலா, ஆளை அடிக்கும் கொல்லா,
படிக்கிறவன் பாடு.
என் எழுத்தில் யாரும் ஊகிக்க வேண்டியதில்லை.
மனு, கடன்சீட்டு, மாமியாருக்குச் சமாதானம்
எது எழுதினாலும்
அச்சடித்தாற்போல் என்றார்கள்.
வரிக்குக் காசு வாங்குகிறவனுக்கு
அதைவிட என்ன பட்டம் வேண்டும்?

கள்ள ஓலைக்கு உட்கார்ந்த அன்று
அத்தனையையும் கழற்றி வைத்தேன்.
பழையவர்கள் புள்ளி குத்துவதில்லை, குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும்,
எனக்குத் தெரியும்.
கொம்பைச் சுழிக்கவில்லை. இடம் விடவில்லை.
எட்டு வரியும் விரலிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன்:
வேண்டாம், வேண்டாம்.
ஒன்பதாவது வரியில்
கெம்பய்யன் பெண்சாதி மோர் கொண்டுவந்தாள்.

கிருஷ்ணகிரி முன்சீப் கச்சேரி.
மலைக்கோட்டை சன்னலை அடைத்துக்கொண்டு நின்றது.
நகல் குமாஸ்தா அனுமந்த ராவ் ஓலையை முகர்ந்தார்,
நகத்தால் சுரண்டினார், தலையாட்டினார்.
எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.
பிறகு எழுந்து போய் வாசல் வெயிலில் பிடித்தார்.
'எல்லைக்கல்' என்ற இடத்தில்
கடுகு கடுகாக வெளிச்சம் கசிந்து
அவர் வெள்ளைச் சட்டையில் விழுந்தது.
மூன்று.

பூச்சி அரித்திருக்கும் சாமி, என்றான் கெம்பய்யன்.
இருக்கலாம், என்றார் ராவ்.
ல், க், மறுபடி ல்.
உயிர்மெய் ஒன்றையும் தொடவில்லை.
இலக்கணம் படித்த பூச்சி.

கச்சேரி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்,
அதையும் ஒரு சாட்சியாக எழுதிக்கொண்டார்கள்.
தலையெழுத்து என்று வீட்டில் அழுதாள்.
எழுத்தின் தலையில் வைத்தது என்று
நான் திருத்தப் போகவில்லை.

சேலம் ஜெயிலுக்கு அனுப்பும் காகிதம் அச்சிட்டது.
பெயருக்கு மட்டும் வெற்றிடம்.
ராவ் எழுதினார், பக்கத்தில் நின்று பார்த்தேன்:
அச்சுக்கு அண்ணன் தம்பிபோல நிமிர்ந்த எழுத்து,
எங்கே வாங்கினாரோ, எந்தப் புளிப் பொட்டலத்தில்.
தம்மண்ணன்.
ம் மேல் ஒன்று, ண் மேல் ஒன்று,
யோசிக்கவே இல்லை அவர்,
முன்சீப்போடு வேறெதையோ பேசிக்கொண்டிருந்தார்.
கடைசிப் புள்ளிக்கு மை வரவில்லை.
பேச்சை நிறுத்தாமலே
தொட்டு வைத்தார்.